மேயர் ஸ்ரீ சத்தியமூர்த்தி

மேயர் பதவி என்றவுடன் ஜனங்களுக்கு நினைவு வருவது அங்கியும் பொற்சங்கிலியுமே. அவற்றை அணிந்து சென்னை ரிப்பன் மாளிகையில் அமர்ந்தவர் பலர். அவர்களில் பெரும்பாலோருடைய பெயர் இன்று பலகைகளில் மட்டுமே இருக்கிறது. ஒருவருடைய பெயரோ, நகரம் குடிக்கும் தண்ணீரோடு சேர்ந்துவிட்டது. அவரே ஸ்ரீ சத்தியமூர்த்தி. அவர் மேயராக இருந்தது ஒரே ஒரு வருஷம்.

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆயின. 70 வார்டுகளுக்கு 2022 பிப்ரவரியில் முதல் தேர்தல் நடந்தது. வார்டுதோறும் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று வோட்டுக் கேட்டனர். தேர்தல்கள் இனியும் வரும். தொண்டர்கள் இனியும் அதே தெருக்களில் நடப்பர். மேயர் பதவிக்கு ஒருவரை உயர்த்தப் பாடுபடுகிறவர் எதற்காகப் பாடுபடுகிறார் என்பதைச் சிந்திக்க சத்தியமூர்த்தியின் வாழ்க்கையைவிடத் தக்க பாடம் நமக்குக் கிடைப்பது அரிது.

அவர் 1887 ஆகஸ்டு 19-ந் தேதி, புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் பயின்று, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தார். கிறிஸ்தவக் கல்லூரி அப்பொழுது ஹைகோர்ட்டுக்கு எதிரே இருந்தது; 1937-ல்தான் அது தாம்பரத்துக்கு அருகே சேலையூர்க் காட்டுக்கு இடம் பெயர்ந்தது. மாணவர் சங்கத் தேர்தலில் வென்றதே அவருடைய பொது வாழ்வின் முதற்படி. வக்கீல் தொழிலில் ஸ்ரீ எஸ். சீனிவாச ஐயங்காரிடம் பயிற்சி பெற்றார். ஆனால் தேசம் அவரைக் கோர்ட்டில் நெடுநாள் இருக்க விடவில்லை. மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்த மசோதாவைப் பற்றி பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் இந்தியாவின் கருத்தை எடுத்துரைக்க 1919-ல் இங்கிலாந்து சென்ற காங்கிரஸ் தூதுக்குழுவில் அவரும் ஒருவர். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

ஒத்துழையாமை இயக்கம் ஓய்ந்தபின், காங்கிரஸ்காரர் சட்டசபைகளுக்குச் செல்லலாமா என்ற விவாதம் தேசமெங்கும் எழுந்தது. செல்லலாகாது என்ற கட்சிக்குத் தமிழ்நாட்டில் ராஜாஜி தலைவர். உள்ளே சென்று போராட வேண்டும் என்ற சித்தரஞ்சன் தாஸ், மோதிலால் நேரு ஆகியோரின் சுயராஜ்யக் கட்சியில் சத்தியமூர்த்தி சேர்ந்தார். அந்தக் கட்சிக்கு ஸ்தல ஸ்தாபனங்கள் அற்பமாகத் தோன்றவில்லை. தாஸ் 1924-ல் கல்கத்தாவின் மேயரானார். இளைஞரான சுபாஷ் சந்திர போஸை நகரசபையின் தலைமை நிர்வாக அதிகாரியாக அமர்த்தினார். அதே காலத்தில் ஆமதாபாத் நகரசபைக்கு வல்லபாய் பட்டேலும் அலகாபாத் நகரசபைக்கு ஜவாஹர்லால் நேருவும் தலைமை வகித்தனர். ராஜாஜியே 1917 முதல் சேலம் நகரசபைத் தலைவராக இருந்தவர்தாம். சாக்கடையும் குழாயும் தெருவிளக்கும் பார்த்தவர்களே பின்னர் ராஜ்யத்தை ஆண்டனர் என்பதை நம் தொண்டர்கள் மறத்தல் ஆகாது.

சென்னைச் சட்டசபையில் சத்தியமூர்த்தியின் குரல் விரைவில் தனித்து ஒலித்தது. புள்ளிவிவரமின்றி அவர் எழுந்ததில்லை. கேள்வி நேரத்தில் சர்க்கார் தரப்பினர் அவருக்கு அஞ்சினர். 1928-ல் பாரதியார் பாடல்களை அரசாங்கம் பறிமுதல் செய்தபொழுது, அதைக் கண்டித்துச் சட்டசபையில் வாதாடியவர்களில் அவர் முதன்மையானவர். 1930-ல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவிலின் மீது தேசியக் கொடி ஏற்ற முயன்றதற்காகக் கைதானார். ஜனங்கள் அவரைத் தீரர் என்று அழைத்தது காரணமின்றி அன்று.

தேர்தல் பிரசாரத்தை ஒரு கலையாக அவர் நடத்தினார் என்றால் மிகையாகாது. சுகுணவிலாச சபையின் மேடையில் நடித்துப் பழகியவருக்குத் தமிழ் மேடைப் பேச்சின் ஏற்ற இறக்கம் நன்கு தெரிந்திருந்தது. படித்தவர்கள் ஆங்கிலத்தில் பேசுவதே பெருமை என்று நினைத்த காலத்தில், அவர் கடற்கரைக் கூட்டங்களில் தமிழில் பேசி எளிய மக்களைத் தம் வசம் ஈர்த்தார். நாடகக் கலைஞர்களை இழிவாகக் கருதிய அந்நாளில், ஸ்ரீமதி கே. பி. சுந்தராம்பாளைக் காங்கிரஸ் மேடைக்கு அழைத்துவந்து பாடச் செய்தார். இவ்வாறு தயாரான களத்தில், 1934-ல் மத்திய சட்டசபைக்கான சென்னை நகரத் தொகுதியில், ஜஸ்டிஸ் கட்சியின் பெருந்தலைவர்களுள் ஒருவரான ஸ்ரீ ஏ. ராமசாமி முதலியாரைத் தோற்கடித்தார். அடுத்து சென்னை கார்ப்பொரேஷனும் காங்கிரஸ் வசமாயிற்று. அந்த வெற்றியின் விளைவாக 1937-ல் ஸ்ரீ ஜே. சிவஷண்முகம் பிள்ளை மேயரானார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் சென்னையின் மேயராவது அதுவே முதல் தடவை.

1936-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைமையை ஏற்ற சத்தியமூர்த்தி, ஸ்ரீ காமராஜைக் காரியதரிசியாக அமர்த்தினார். மறுவருஷம் நடந்த தேர்தலில் சென்னை மாகாணச் சட்டசபையின் 215 ஸ்தானங்களில் 159 காங்கிரஸுக்குக் கிடைத்தன. வெற்றிக்கு உழைத்தவர்களின் முன்னணியில் அவர் இருந்தார். ஆனால் மந்திரி சபையில் இல்லை. ராஜாஜி முதல் மந்திரியானார். சத்தியமூர்த்தி டில்லியில் ஸ்ரீ பூலாபாய் தேசாய்க்கு அடுத்த உபதலைவராகத் தம் கடமையைச் செய்துகொண்டிருந்தார். பதவி வராதபோது கட்சியை விட்டு விலகுவோரையும், அபேட்சகர் பட்டியலில் பெயரில்லை என்று மறுநாளே எதிர் முகாமில் மாலை வாங்குவோரையும் கண்டிருக்கும் நமக்கு இது சற்று வியப்பாகவே தோன்றும்.

அவரிடம் குறையே இல்லை என்று நாம் கூற வரவில்லை. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் பாடுபட்டபொழுது, சத்தியமூர்த்தி அதை எதிர்த்தார். அந்த விஷயத்தில் காலம் அம்மையாரின் பக்கமே தீர்ப்பளித்தது. பழைமையில் அவருக்கிருந்த பற்று அவர் கண்ணை மறைத்தது என்றே சொல்ல வேண்டும். ஒருவருடைய தொண்டைப் போற்றுவதற்கு அவரைத் தெய்வமாக்க வேண்டுவதில்லை.

1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டது. இந்தியாவைக் கேளாமலே இந்தியாவை யுத்தத்தில் சேர்த்தார் வைஸ்ராய். அதைக் கண்டித்துக் காங்கிரஸ் மந்திரி சபைகள் ராஜிநாமாச் செய்தன. சென்னை மாகாணம் கவர்னரின் நேரடி ஆட்சிக்கு வந்தது. அந்தச் சமயத்தில்தான் கார்ப்பொரேஷன் கவுன்சிலர்கள் சத்தியமூர்த்தியை மேயராகத் தேர்ந்தெடுத்தனர். அக்காலத்தில் மேயரை ஜனங்கள் நேரே தேர்ந்தெடுக்கவில்லை. ஆண்டுக்கொருமுறை கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்தனர். பதவிக்காலம் ஓராண்டு, அதிகாரமும் அளவுக்குட்பட்டது. மேலே இருந்ததோ காங்கிரஸ் எதிர்த்துநின்ற அந்நிய சர்க்கார். இந்த நிலையில் சங்கிலியை அணிந்து, விழாக்களுக்குச் சென்று, வரவேற்புப் பத்திரம் வாசித்து ஓராண்டைக் கழித்திருந்தாலும் அவரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

சென்னையோ தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. 1941-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி நகரத்தின் ஜனத்தொகை 7,70,000-க்கு மேல். அத்தனை பேருக்கும் ஆதாரம் செங்குன்றம் ஏரி. கொற்றலை ஆற்றில் தாமரைப்பாக்கத்தில் கட்டிய அணையிலிருந்து சோழவரத்துக்கும், அங்கிருந்து செங்குன்றத்துக்கும் தண்ணீர் கொண்டுவரும் ஏற்பாடு 1872-ல் அமைந்தது. மழைக்காலத்தில் ஆற்றில் பெருகிவரும் வெள்ளத்தை அந்த அணை திருப்பிவிடுமேயன்றித் தேக்கிவைக்காது. மிஞ்சியதெல்லாம் எண்ணூருக்கு அருகே கடலில் கலந்தது. கார்த்திகையில் கடலுக்கு அனுப்பிவிட்டுச் சித்திரையில் குடத்தோடு நிற்பதே நகரத்தின் வழக்கமாயிற்று. ஆற்றின் மேற்புறத்தில், திருவள்ளூருக்கு அருகே பூண்டியில் ஒரு நீர்த்தேக்கம் கட்டினால் இந்தத் துயர் தணியும். ஆனால் யுத்த காலத்தில் பணம் எங்கே? இரும்பு எங்கே? அதிகாரிகளின் சம்மதம் எங்கே?

இங்கேதான் சத்தியமூர்த்தியின் பெருமை விளங்குகிறது. எந்தச் சர்க்காரை மேடைதோறும் கண்டித்தாரோ, அதே சர்க்காரின் வாயிலில் நகரத்தின் பொருட்டு விடாது வாதாடினார். கொள்கையில் எள்ளளவும் இணங்காமல், குடிதண்ணீரில் மட்டும் காரியத்தைச் சாதித்தார். தம் சுயமரியாதையைவிட நகரத்தின் தாகம் பெரிது என்று அவர் கருதியிருக்க வேண்டும். 1940 ஆகஸ்டு 8-ந் தேதி, கவர்னர் சர் ஆர்தர் ஹோப் பூண்டியில் அஸ்திவாரக் கல் நாட்டினார். சத்தியமூர்த்தியின் மேயர் பதவிக்காலம் முடிய அப்பொழுது சில மாதங்களே எஞ்சியிருந்தன.

தாம் தொடங்கியதை முடித்துப் பார்க்கும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். 1942 ஆகஸ்டில், பம்பாயில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியபின் மறுபடி கைதானார். மத்திய மாகாணத்து அமராவதிச் சிறைக்கு அவரைக் கொண்டுசென்ற நெடும் பிரயாணத்தில் முதுகெலும்பில் காயம் ஏற்பட்டது. அதிலிருந்து அவர் மீளவில்லை. 1943 மார்ச்சு 28-ந் தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது ஐம்பத்தைந்து. நாடு விடுதலை பெற இன்னும் நான்கு வருஷங்கள் இருந்தன. பூண்டித் தேக்கம் நிறைவேற இன்னும் ஒரு வருஷம் இருந்தது. சுமார் 65 லட்சம் ரூபாய்ச் செலவில் கட்டிய அத்தேக்கம் 1944 ஜூனில் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் சத்தியமூர்த்தி சாகரம்.

பின்னாளில், 1996-ல் கிருஷ்ணா நதியின் நீர் ஆந்திரத்திலிருந்து கால்வாய் வழியே வந்தபொழுது, அதைப் பெற்றுக்கொள்ள அவர் தொடங்கிவைத்த பூண்டியே ஆயத்தமாக இருந்தது. அங்கிருந்து ஒரு கால்வாய் செம்பரம்பாக்கத்துக்கும் செல்கிறது. 3,231 மில்லியன் கன அடி கொள்ளும் அத்தேக்கம் இல்லையென்றால் அந்த நதிநீர்த் திட்டமும் வேறொரு பூண்டியைத் தேட நேர்ந்திருக்கும். ஓராண்டுப் பதவியில் செய்த காரியம் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் பயன் தருவது சாமானியமா?

இப்பொழுது நம் ஊருக்கு வருவோம். மேயரை ஜனங்களே நேராகத் தேர்ந்தெடுக்கும் முறை சென்னையில் 1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் இருந்தது; 2006-லும் 2022-லும் கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்தனர். தாம்பரத்திலும் 2022-ல் அவ்வாறே நடந்தது. சத்தியமூர்த்தி மேயரானதும் இதே முறையில்தான். ஆகவே, மேயர் தேர்தலுக்கான பிரசாரம் மாமன்ற மண்டபத்தில் தொடங்குவதன்று. வார்டுத் தெருவில் தொடங்குகிறது. வார்டில் எத்தகையவரை அனுப்புகிறோமோ, அத்தகையவரே மேயரைத் தேர்ந்தெடுப்பார். கவுன்சிலர் வோட்டுக்கு விலை பேசப்படுகிறது என்று பின்னர் வருந்துவதில் பயனில்லை. விலைக்குப் போகக்கூடியவரை வீடு வீடாகச் சென்று சிபாரிசு செய்தவர் யார் என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும்.

தென்புறத்து ஊர்களின் துயரம் அன்றைய சென்னையின் துயரத்தினின்று வேறன்று. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின், வயல்களும் ஏரிகளுமாக இருந்த இடங்கள் படிப்படியாக வீட்டு மனைகளாயின. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. நான்கே வருஷங்களில், 2019 கோடையில், பூண்டியும் செம்பரம்பாக்கமும் வறண்டு, ஜனங்கள் லாரித் தண்ணீருக்கு இரவெல்லாம் காத்திருந்தனர். வெள்ளமாய் வந்த நீரைத் தேக்க வழியில்லை; வறட்சியில் குடிக்க நீரில்லை. செம்பாக்கம், சேலையூர், சிட்லப்பாக்கம், பீர்க்கன்காரணை, பல்லாவரம் ஏரிகள் நம் கண்ணெதிரே இருக்கின்றன. அவற்றுக்கு நீர் வரும் கால்வாய்களும் உபரி நீர் செல்லும் கால்வாய்களும் திறந்திருந்தால் அவை ஒவ்வொன்றும் ஒரு சிறு பூண்டியாகும்.

ஆதலின் வோட்டுக் கேட்கச் செல்லும் தொண்டர்களுக்கு நாம் கூறுவது இது. உங்கள் அபேட்சகரிடம் முதலில் நீங்கள் வோட்டர்களாகக் கேளுங்கள். அவருடைய வார்டிலுள்ள ஏரியின் வரத்துக் கால்வாய் எங்கே தொடங்குகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா? எதிர்க்கட்சி சர்க்காரிடமும் சென்று ஊருக்காக வாதாடும் துணிவு அவருக்கு உண்டா? தம் பதவிக்காலத்தில் முடியாத, திறப்பு விழாவில் பிறர் பெயர் பெறக்கூடிய வேலையைத் தொடங்க அவர் மனம் இசைவாரா? இம்மூன்றுக்கும் ஆம் என்று பதில் கிடைத்தால், அவர் எந்தக் கட்சியினராயினும் தயங்காமல் தெருவில் இறங்கி உழையுங்கள். கிடைக்காவிட்டால், உங்கள் உழைப்பை அவருக்குக் கொடுக்காதீர்கள். தொண்டரின் கால்நோவுக்கும் ஒரு மதிப்பு உண்டு.