விலக்கப்பட்ட சொல்லுக்கு வாய்த்த பேறு

இத்தாலிய மொழியின் தந்தை எனப் போற்றப்படும் தாந்தே 1265-ஆம் ஆண்டில் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். அந்நாளில் சமயமும் சட்டமும் மருத்துவமும் இலத்தீனில் எழுதப்பெற்றன. வீட்டிலும் வீதியிலும் வழங்கிய பேச்சுமொழிக்கு ‘வொல்காரே’ என்று பெயர். பொதுமக்கள் எனப் பொருள்படும் ‘வுல்குஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது.

1300-இல் நகராட்சித் தலைவர் அறுவருள் ஒருவராக விளங்கிய தாந்தேயைக் கட்சிப்பகை வீழ்த்தியது. 1302 சனவரியில் தண்டமும் நாடுகடத்தலும் விதித்தனர். மார்ச்சுத் திங்களில், பிடிபட்டால் எரித்துக் கொல்லுமாறு தீர்ப்பளித்தனர். அதன்பின் அவர் பிறந்த மண்ணை மிதிக்கவேயில்லை.

ஊரூராய் அலைந்த காலத்தில், மக்கள்மொழியின் மாண்பை நிலைநாட்டும் நூலொன்றைத் தொடங்கினார். கற்றோர் முன் வழக்குரைக்க வேண்டியிருந்தமையின் அதனை இலத்தீனிலேயே எழுதினார். இலக்கணம் கல்லாமல் செவிலியிடம் கேட்டுப் பழகும் மொழியே உயர்ந்தது என்பது அவர் துணிபு. ‘ஆம்’ என்பதற்குரிய சொல்லைக் கொண்டே மொழிகளை வகுத்தார்: தென்பிரான்சில் ‘ஒக்’, வடபிரான்சில் ‘ஒயில்’, இத்தாலியில் ‘சீ’. வானம், கடல், அன்பு முதலியவற்றுக்கு இம்மூன்றிலும் ஒத்த சொற்கள் இருத்தலைக் காட்டி, இவை ஒரு மூலத்தின என்றார். ‘இவ்வாறு’ எனப் பொருள்பட்ட இலத்தீன் ‘சிக்’ என்பதே ‘சீ’ ஆயிற்று என்பது பிற்கால மொழியறிஞர் கண்ட உண்மை.

இத்தாலியின் 14 வட்டார வழக்குகளை ஆராய்ந்த அவருக்கு, தம் ஊர் வழக்கு உட்பட எதுவும் நிறைவளிக்கவில்லை. உயர்ந்த கவிதைக்குரிய சொற்களைச் சலித்தெடுத்தபோது, ‘மம்மா’, ‘பப்போ’ எனத் தாயையும் தந்தையையும் அழைக்கும் மழலைச் சொற்களை முற்றாக விலக்கினார். அந்நூல் இரண்டாம் பகுதியின் இடையிலேயே நின்றுவிட்டது.

பின்னர் அவர் பாடிய பெருங்காப்பியத்தில் நிகழ்ந்தது வேறு. நரகத்தின் அடியாழத்தைப் பாடுவது அம்மா அப்பா என்றழைக்கும் நாவுக்கு எளிதன்று என்று தயங்குமிடத்தில், அவ்விரு சொற்களையும் பாட்டினுள்ளேயே வைத்தார். கழுவாய் மலையின் உச்சியில் பெயாத்ரீசு தோன்றும்போது, அஞ்சிய குழந்தை ‘மம்மா’விடம் ஓடுவதுபோல் அவர் வர்ஜிலின் பக்கம் திரும்புகிறார். வர்ஜிலோ அங்கில்லை; வழித்துணையாய் வந்தவர் சொல்லாமலே மறைந்துவிட்டார். அத்தனிமையின் துயரை உரைக்க, அறிஞர் தாந்தே தள்ளிய சொல்லே கவிஞர் தாந்தேக்குக் கைகொடுத்தது.

1315-இல், இழிவான நிபந்தனைகளுடன் ஊர் திரும்ப வாய்ப்பு வந்தது, அவர் மறுத்தார். 1321 செப்டம்பரில் இரவென்னாவில் மறைந்து, அங்கேயே அடக்கம் பெற்றார். பிளாரன்ஸ் பின்னாளில் எழுப்பிய கல்லறை இன்றும் வெறுமையாகவே உள்ளது.

நகரம் அவரை நீக்கியது. நகரம் தந்த தாய்ச்சொல்லையோ அவர் நீக்கிவிட முடியவில்லை. நம்முள் கவிதை புனைவோர் ஒரு சொல்லை எளிதென்று தள்ளுமுன் இவ்வரலாற்றை நினைதல் நன்று.