சைதாப்பேட்டைக் கள்ளித் தோட்டம்

தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணையில் வீட்டைச் சுற்றிச் சிறிது நிலம் உடையோர் பப்பாளியும் கொய்யாவும் காகிதப்பூவும் வளர்த்து மகிழ்வர். இவை யாவும் அமெரிக்கக் கண்டத்திற்கு உரியவை என்பதை நினைப்பவர் சிலரே. அயல்நாட்டுச் செடியைக் கடல் கடந்து கொணர்ந்து, நட்டுப் பிழைக்க வைப்பது முற்காலத்தில் அரிய செயலாக இருந்தது. பீர்க்கன்கரணையிலிருந்து பெருஞ்சாலை வழியே வடக்கே சென்று அடையாற்றைக் கடந்தால் சைதாப்பேட்டை வரும். அவ்வூரில் அச்செயலைப் பெருமுயற்சியோடு மேற்கொண்டவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் மருத்துவர் ஆவார்.

ஆண்டர்சன் 1738ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்து, நாளடைவில் தலைமை மருத்துவராக உயர்ந்தார். நோயாளரைக் காப்பது அவர் கடமை. செடிகளைக் காப்பதோ அவர் வேட்கை. நுங்கம்பாக்கத்தில் தாம் அமைத்த தோட்டத்தில் பல நாட்டு மரஞ்செடிகளை வளர்த்தார். அங்குள்ள ஆண்டர்சன் சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அக்காலத்தில் உயர்ந்த செஞ்சாயம் மெக்சிகோவிலிருந்தே உலகெங்கும் சென்றது. அங்கே நோப்பல் என்னும் ஒருவகைக் கள்ளியில் வாழும் கொச்சினீல் என்ற சிறு பூச்சியை உலர்த்திப் பொடித்து அச்சாயத்தை எடுத்தனர். ஒரு பவுண்டு சாயத்திற்கு ஏறத்தாழ எழுபதாயிரம் பூச்சிகள் வேண்டும்! ஸ்பானியர் இவ்வாணிகத்தைப் பிறர் கைக்குச் செல்லவிடாது காத்து வந்தனர். 1786இல் சென்னைப் பகுதியில் புல்லின்மேல் சிவந்த சாறுடைய பூச்சிகளைக் கண்ட ஆண்டர்சன், அவை கொச்சினீலே என்று எண்ணி மகிழ்ந்தார். இலண்டனில் இருந்த அறிஞர் ஜோசப் பேங்க்ஸுக்கும் எழுதினார். ஆராய்ந்தபோது அவை வேறு இனம் எனத் தெரிந்தது.

அவர் சோர்ந்தாரில்லை. பூச்சி வருமுன் அதற்கு உணவாகும் கள்ளியை வளர்த்து வைப்போம் என்று துணிந்தார். கம்பெனியின் ஆதரவோடு சைதாப்பேட்டையில் நோப்பல் தோட்டம் எழுந்தது. அவர்தம் மருமகன் முறையினரான ஆண்ட்ரூ பெரி அதனைப் பேணினார். வேரோடு பெயர்த்த செடிகள் பல, நன்னீர்க் குறைவாலும் உப்புக் காற்றாலும் கப்பலிலேயே மடிவது வழக்கம். செடிகளைக் காக்கும் கண்ணாடிப் பேழை வழக்கிற்கு வந்தது 1830களுக்குப் பின்னரே. கள்ளிக்கோ அத்துணைத் தொல்லையில்லை. அதன் மடலைக் கொய்து, வெட்டுவாய் உலர்ந்தபின் மண்ணில் ஊன்றினால் போதும், வேர்விட்டுத் தழைக்கும். நெடுநாள் வாடாத அம்மடல்களைக் கறியாக்கி உண்டால் மாலுமிகளின் ஸ்கர்வி நோய் தணியும் என்றும் ஆண்டர்சன் கருதினார். மருத்துவர் அல்லரோ!

1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவிற்குப் பூச்சிகள் வந்தன. அங்கிருந்து சென்னையை அடைந்தன. ஆயினும் அவை சாயம் குறைந்த காட்டினம். மேலும், அருமையாக வளர்த்த நோப்பலைவிட வேலியோரச் சப்பாத்திக்கள்ளியிலேயே அவை நன்கு பெருகின! எதிர்பார்த்த ஊதியம் கிட்டவில்லை. 1800ஆம் ஆண்டளவில் தோட்டம் கைவிடப்பட்டது. செடிகள் பெங்களூர் லால்பாகுக்குச் சென்றன.

பட்டுப்புழுவிற்காக முசுக்கொட்டைச் செடிகளையும் ஆண்டர்சன் ஊர்தோறும் பரப்ப முயன்றார். 1809ஆம் ஆண்டு சென்னையிலேயே காலமானார். புகழ்மிக்க சிற்பி சான்ட்ரி வடித்த அவர் சிலை, செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உள்ளது.

சாயத்திற்கு உதவாத அப்பூச்சி பிற்காலத்தில் வேறொரு பணிக்கு உதவியது. 1836ஆம் ஆண்டை ஒட்டித் தென்னிந்தியாவிலும், பின்னர் இலங்கையிலும், நிலங்களை மூடி வளர்ந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை அழிக்க மக்கள் அதனையே கொண்டு சென்று விட்டனர்.