ஜேம்ஸ் டீனின் மூன்று கார்கள்

ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் டீன் வேகவெறியால் மாண்டவர் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பியிருந்தேன். அவர் ஓட்டிய வண்டிகளை வரிசையாக அறிந்தபின் அந்த நம்பிக்கை தளர்ந்தது.

1931-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்த டீன், ஒன்பது வயதில் தாயை இழந்தார். ஃபேர்மவுண்டில் அத்தையின் பண்ணை வீட்டில் வளர்ந்தார். பள்ளிப் பருவத்திலேயே மோட்டார் சைக்கிள் கைக்கு வந்துவிட்டது. நடிகரானபின் 1954-இல் அவர் வாங்கியது 'எம்ஜி டிடி' என்னும் பிரிட்டிஷ் கார். 1,250 சிசி எஞ்சின், இரண்டே இருக்கைகள். தோற்றத்தில் பந்தயக் கார், ஓட்டத்தில் சாது.

1955 மார்ச்சில் 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' வெளியானது. ஏறத்தாழ அதே வேளையில் எம்ஜியின் இடத்துக்கு 'போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர்' வந்தது. எஞ்சின் பின்புறம் அமைந்த கார் அது. வளைவில் சட்டென்று வேகத்தைக் குறைத்தால் வால்பகுதி வெளியே வீசிக்கொண்டு போகும். அதைப் பழக்கிக்கொண்ட டீன், அம்மாத இறுதியிலேயே பாம் ஸ்பிரிங்ஸ் நகரில் புதியவர்களுக்கான பந்தயத்தில் வென்றார். பின்னர் பேக்கர்ஸ்ஃபீல்டிலும் சாந்தா பார்பராவிலும் ஓட்டினார். சாந்தா பார்பராவில் எஞ்சின் பழுதாகிப் பாதியில் விலக நேர்ந்தது. அவருடைய பந்தய அனுபவம் முழுவதும் இந்த மூன்று ஊர்களோடு முடிந்தது.

'ஜெயண்ட்' படப்பிடிப்பு முடியும்வரை பந்தயத்தில் ஓட்டக்கூடாது என்று தயாரிப்பு நிறுவனம் தடை விதித்தது. தம் பங்கு முடிந்ததும், செப்டம்பர் 21 அன்று ஸ்பீட்ஸ்டரைக் கொடுத்து 'போர்ஷே 550 ஸ்பைடரை' வாங்கினார். சுமார் 550 கிலோ எடை. 110 குதிரைத் திறன். முந்தையவை சாலைக்கான கார்கள். இதுவோ பந்தயத்துக்கென்றே பிறந்தது. மொபெட்டிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு மாறிய முதல் வாரத்திலேயே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவன் நான். புதிய வண்டியின் பலம் கைக்குப் பிடிபடச் சில காலம் ஆகும் என்பதை அன்று அறிந்தேன். டீனுக்குக் கிடைத்தவை ஒன்பது நாள்கள்.

செப்டம்பர் 30. சலினாஸ் நகரில் நடக்கவிருந்த பந்தயத்துக்குக் காரை இழுவண்டியில் ஏற்றிச் செல்வதாக முதலில் திட்டம். புது எஞ்சின் ஓடிப் பழகவேண்டும், தமக்கும் கை பழகவேண்டும் என்பதால், மெக்கானிக்கை அருகில் அமர்த்திக்கொண்டு தாமே ஓட்டினார். பிற்பகலில், 55 மைல் வரம்புள்ள சாலையில் 65 மைல் வேகத்தில் சென்றதற்காகக் காவலர் அபராதச் சீட்டு கொடுத்தார். மாலை 5.45 மணியளவில் சோலேம் அருகே, எதிரே வந்த ஃபோர்டு கார் இடப்புறச் சாலைக்குத் திரும்பியது. ஸ்பைடரோ தரையை ஒட்டிய வெள்ளி நிறக் கார். அந்தி வெளிச்சத்தில் அது எளிதில் கண்ணுக்குத் தட்டுப்பட்டிராது. டீன் உயிரிழந்தார், வயது 24. மெக்கானிக் பலத்த காயங்களுடன் பிழைத்தார்.

மோதலின்போது அவருடைய வேகம் மக்கள் பேசிக்கொள்வதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும் என்று பின்னாளில் கணக்கிட்டவர்கள் உண்டு. அபராதச் சீட்டை நான் மறைக்கவில்லை. ஆயினும் அது சாவைத் தேடிய பயணமன்று. நான்கு வாரங்களில் வெளியான 'ரெபல் வித்தவுட் எ காஸ்' படத்தில் மலைமுகட்டை நோக்கிக் கார்கள் பாயும் காட்சி ஒன்று உண்டு. அதைப் பார்த்தவர்கள் கதாபாத்திரத்தையும் மனிதரையும் ஒன்றாக்கிவிட்டார்கள் என்றே எண்ணுகிறேன்.

அதே செப்டம்பரில் அவர் சாலைப் பாதுகாப்புக்காக ஒரு குறும்படத்திலும் தோன்றியிருந்தார். 'ஜெயண்ட்' படத்தின் மாட்டுப்பண்ணை உடையில், கையில் கயிற்றை வைத்து விளையாடியபடி, நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டும்படி இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறார்.