சமையலறையில் ஒரு ஜெபம்



மார்ட்டின் லூதர் கிங் என்றாலே பலருக்கு மேடைப் பிரசங்கம்தான் ஞாபகம் வரும். எனக்கோ அவருடைய சமையலறைதான் ஞாபகம் வரும்.

1929-ல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் போதகரின் மகனாய்ப் பிறந்து, தானும் மாண்ட்கோமரி நகரத்தில் சபைப் போதகரானார். 1955 டிசம்பரில், பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். கறுப்பின மக்கள் பஸ் ஏறுவதையே நிறுத்தினார்கள். அவர்களை நடத்தினவர் 26 வயது கிங்.

1956 ஜனவரியில் ஒரு ராத்திரி, போனில் கொலைமிரட்டல். வீட்டிலே மனைவி, கைக்குழந்தை. தூக்கம் வராமல் காப்பி போட்டு உட்கார்ந்தவர், தன் பயத்தை மறைக்காமல் தேவனிடம் சொல்லி ஜெபித்தார். பெலன் வந்தது. சில நாளிலே வீட்டில் குண்டு வெடித்தது, குடும்பம் தப்பியது. கொதித்துக் கூடின ஜனங்களைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். 381 நாள் போராட்டத்தில் பஸ் பிரிவினை ஒழிந்தது.

1964-ல் நோபல் சமாதானப் பரிசு பெற்றார். 1968 ஏப்ரல் 4-ல், துப்புரவுத் தொழிலாளருக்காக மெம்பிஸ் போயிருந்தபோது சுட்டுக் கொன்றார்கள். வயது 39.

பிரியமானவர்களே, பயம் நமக்கும் வரும். ராத்திரியிலே அதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்க. காலையிலே பகைக்கிறவனையும் நேசிக்க அவரே பெலன் தருவார். ஆமென்.