ராக்பெல்லரின் எண்ணெய் சாம்ராஜ்யத்தை அசைத்த ஐடா டார்பெல்: யார் இவர்?

சந்தை மொத்தத்தையும் ஒரே நிறுவனம் வளைத்துப்போட்டால் அரசு தலையிடும். இன்று இது சாதாரணச் செய்தி. ஆனால், சட்டம் இருந்தும் அரசு பெரிதாக அசையாத காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் அது மாறியதில் பத்திரிகையாளர் ஐடா டார்பெல்லுக்குப் பெரிய பங்கு உண்டு.

1857இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர் ஐடா. அப்பா, கச்சா எண்ணெய் சேமிக்கும் மரத்தொட்டிகள் செய்தவர். பிறகு எண்ணெய் உற்பத்தியிலும் இறங்கினார். ஐடாவுக்கு 14 வயதானபோது, 1872இல், ராக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் உள்ளிட்ட சில ஆலைகள் ரயில் நிறுவனங்களோடு ரகசிய ஒப்பந்தம் போட்டன. இவர்களின் சரக்குக்குக் கட்டணச் சலுகை. அதோடு, போட்டியாளர்கள் கட்டும் கட்டணத்திலும் இவர்களுக்குப் பங்கு! விஷயம் வெளியே வந்ததும் ஊரே கொதித்தது. ஒப்பந்தம் ரத்தானது. ஆனால், அதற்குள் கிளீவ்லாந்தின் பெரும்பாலான சுத்திகரிப்பு ஆலைகள் ராக்பெல்லர் கைக்குப் போய்விட்டன.

1890இல் ஷெர்மன் சட்டம் வந்தது. சந்தையை ஏகபோகமாக்குவது குற்றம் என்றது. ஆனாலும் ஸ்டாண்டர்ட் ஆயிலின் பிடி தளரவில்லை.

1902 நவம்பரில், மெக்ளூர்ஸ் இதழில் அந்த நிறுவனத்தின் வரலாற்றை ஐடா தொடராக எழுத ஆரம்பித்தார். வேண்டாம் என்று அப்பா தடுத்தும் கேட்கவில்லை. குடும்பத்தின் பழைய கோபத்தை நம்பாமல், நீதிமன்ற ஆவணங்களையும் விசாரணை அறிக்கைகளையும் தேடித்தேடிப் படித்தார். ஸ்டாண்டர்ட் ஆயிலின் உயரதிகாரி ஹென்றி ரோஜர்ஸிடமே நேரில் விளக்கம் கேட்டார்.

திருப்பம் தந்தது ஓர் அலுவலகப் பையன். எரிக்கச் சொல்லிக் கொடுத்த காகிதங்களில், தனக்குத் தெரிந்த எண்ணெய் வியாபாரி ஒருவரின் பெயரைப் பார்த்தான். போட்டியாளர்களின் சரக்கு எங்கே போகிறது என்று ரயில்வே ஊழியர்கள் ஸ்டாண்டர்ட் ஆயிலுக்கு ரகசியமாகத் தகவல் கொடுத்துவந்தது அம்பலமானது. ஐடா அதை வெளியிட்டதும் ரோஜர்ஸ் கதவைச் சாத்திவிட்டார்.

1906இல் அரசு நடத்திய விசாரணையும் ரகசியச் சலுகைகளை உறுதிசெய்தது. அதே ஆண்டு வழக்கு. 1911 மே 15இல், ஸ்டாண்டர்ட் ஆயிலைப் பிரிக்கும் உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அது 34 நிறுவனங்களாகச் சிதறியது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிரிந்த நிறுவனங்களின் பங்குகள் ஏறியதால் ராக்பெல்லர் இன்னும் பணக்காரரானார். ஆனால், ஆதாரம் கையில் இருந்தால் எவ்வளவு பெரிய நிறுவனத்தையும் அரசால் கூண்டில் ஏற்ற முடியும் என்பது நிரூபணமானது. ஐடா 1944இல், 86 வயதில் மறைந்தார்.