மலாக்கா தந்த முன்ஷி அப்துல்லா

மலாய் நாடெங்கும் பிரசித்தி பெற்ற முன்ஷி அப்துல்லா நம் மலாக்காவில் கம்போங் பாலியில் 1796-ஆம் ஆண்டு பிறந்தவர். அவருடைய பாட்டனாரின் தந்தையார் எமன் நாட்டு அரபி. நாகூரில் தங்கித் தமிழ்ப் பெண்ணை மணந்தவர். பாட்டனார் மலாக்கா வந்து மீரா லெப்பை என்பவரின் மகளை மணந்தார்.

அந்நாளில் மலாக்காவில் கணக்கு வழக்குக்குத் தமிழ் தேவைப்பட்டது. ஆகையால் அப்துல்லா இரண்டரை ஆண்டுகள் தமிழ் படித்தார். குர்ஆனும் மலாயும் கற்றார். கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்குப் பாடம் சொன்னபோது, அவர்களே அவரை முன்ஷி, அதாவது ஆசிரியர், என்று அழைக்கலானார்கள்.

தந்தையார் அப்துல் காதிர் வியாபாரி. டச்சுக்காரர்களுக்காகப் பழைய மலாய் ஏடுகளைத் தேடிக் கொடுத்ததும் உண்டு. மகனும் அவ்வழியே சென்றார். 1810-ஆம் ஆண்டின் கடைசியில் ராபிள்ஸ் துரை மலாக்கா வந்தபோது, அவரிடம் பிரதி எழுதும் வேலையில் அப்துல்லா சேர்ந்தார். எழுத்தர்களில் அவரே சிறுவர். ஊர் மக்கள் தங்கள் வீட்டுப் பழைய நூல்களைக் கொண்டுவந்து விற்றார்கள். விற்க மனமில்லாதவர்களிடம் இரவல் வாங்கி நகல் எழுதினார்கள்.

சகோதரர்களே! இங்கேதான் வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. விற்றவர்கள் தமக்கென ஒரு நகல் வைத்துக்கொள்ளவில்லை. 1824 பிப்ரவரியில் ராபிள்ஸ் பெங்கூலனிலிருந்து புறப்பட்ட கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்தது. அவர் சேர்த்த நூல்களும் படங்களும் எரிந்து போயின. மலாக்காவின் பழைய நூல்களும் அத்தோடு போயினவே என்று அப்துல்லா மிகவும் வருந்தினார். முன்னமே இங்கிலாந்து போய்ச் சேர்ந்த பிரதிகள் மட்டும் இன்றும் லண்டன் ராயல் ஆசியக் கழகத்தில் பத்திரமாக உள்ளன.

சிங்கப்பூர் ஆற்று முகத்தில் எழுத்துப் பொறித்த பெரும்பாறை ஒன்று இருந்தது. தேய்ந்த எழுத்தைப் படிக்க மாவைப் பிசைந்து ஒற்றிப் பார்த்தார்கள். மையும் பூசிப் பார்த்தார்கள். அந்தப் பாறையை 1843-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய துண்டு ஒன்று சிங்கப்பூர் தேசிய அரும்பொருட்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலுள்ளதை இன்றுவரை யாரும் முடிவாகப் படிக்கவில்லை.

சிறுவயதில், 1807-இல், மலாக்காக் கோட்டை இடிக்கப்பட்டதையும் அவர் கண்டார். இன்று ஒரு வாயில்தான் மிச்சம். இவையெல்லாம் அவர் எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகின்றன. 1849-இல் அச்சான ஹிக்காயத் அப்துல்லாவில் அனைத்தையும் காணலாம். 1854-இல் ஹஜ்ஜுக்குச் சென்றவர் அரபு நாட்டிலேயே மௌத்தானார்.

கடன் பத்திரத்தை நகலில்லாமல் யாரிடமும் கொடுக்க மாட்டோம். ஆனால் பாட்டனார் காலத்துப் பேரேட்டையும், அரபுத் தமிழ்க் கிதாபையும் பழைய காகிதக்காரனுக்கு நிறுத்துப் போடுகிறோம். கிட்டங்கியைச் சுத்தம் செய்யுமுன் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். பழையது என்று தோன்றினால் சங்கத்துப் பெரியவர்களிடம் காட்டிவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.