காற்றை ஊதி வேகம் கூட்டியவர்!

குழந்தைகளே... விறகு அடுப்பில் தீ மங்கினால் பாட்டி என்ன செய்வார்? ஊதுகுழலால் ஊதுவார். உடனே தீ கொழுந்து விட்டு எரியும். இதே வித்தையைக் கார் இன்ஜினில் செய்து, பந்தயங்களில் வெற்றி தேடித் தந்தவர் பெர்டினாண்ட் போர்ஷே.

இவர் 1875, செப்டம்பர் 3ல் பிறந்தார். அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்த அவரது ஊர், இன்று செக் நாட்டில் இருக்கிறது. தந்தை தகர வேலை செய்பவர். மகனும் அதே தொழிலைச் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனுக்கோ மின்சாரத்தின் மீது தீராத ஆசை! பகலில் பட்டறை வேலை, இரவில் தொழிற்பள்ளி வகுப்பு என்று படித்தார்.

பதினெட்டு வயதில் வியன்னா நகருக்குச் சென்று, மின்சாதன நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். 1900ல், சக்கரங்களுக்குள்ளேயே மோட்டார் பொருத்திய மின்சாரக் கார் ஒன்றை உருவாக்கினார். பாரிஸ் கண்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் வியந்தனர்.

1923ல், ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில் இருந்த டைம்லர் நிறுவனத்தில் சேர்ந்தார். இன்ஜினுக்குள் பெட்ரோல் எரியக் காற்று தேவை. காற்று கூடுதலாகப் போனால், பெட்ரோலும் கூடுதலாக எரியும், சக்தி பெருகும். அதற்காக, காற்றை அழுத்தித் தள்ளும் கருவி பொருத்திய கார்களை மேம்படுத்தினார். 1924ல், இத்தாலியின் சிசிலித் தீவுப் பந்தயத்தில் அந்தக் கார் முதலிடம் பெற்றது.

1927ல் வந்த 'மெர்சிடஸ் எஸ்' காரைக் கேளுங்கள்... சாதாரணமாக அதன் சக்தி 120 குதிரைத்திறன். பெடலை முழுவதும் அழுத்தினால் காற்றுக் கருவி ஓடத் தொடங்கும். சக்தி 180 ஆகிவிடும்!

1931ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். சாதாரண மக்களும் வாங்கக்கூடிய கார் வேண்டும் என்றது ஹிட்லரின் அரசு. அதற்காக அவர் வடிவமைத்ததே, வண்டு போன்ற வோக்ஸ்வேகன் கார்.

ஆனால், இங்கேதான் அவர் வாழ்வில் கறை படிந்தது. ஹிட்லரின் கட்சியில் சேர்ந்தார். போர் மூண்டதும் டாங்கிகளை வடிவமைத்தார். கார் தொழிற்சாலையில் போர்க் கருவிகள் தயாராயின. பல நாட்டு மக்களையும் கைதிகளையும் பிடித்து வந்து, அங்கே கட்டாய வேலை வாங்கினர். அந்தத் தொழிற்சாலையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களில் போர்ஷேயும் ஒருவர்.

போர் முடிந்ததும், 1945ல் பிரெஞ்சு அரசு அவரைக் கைது செய்தது. 1947ல்தான் விடுதலையானார். 1948ல் அவரது மகன் பெரி, ஆஸ்திரியாவின் குமுண்ட் என்ற சிற்றூரில் ஒரு சிறிய பந்தய வகைக் காரை உருவாக்கினார். அதில் இருந்தது வண்டுக் காரின் இன்ஜின்தான். 25 குதிரைத்திறன் கொண்ட அதைத் திருத்தி, 35 ஆக உயர்த்தினர். 'போர்ஷே' என்ற பெயர் தாங்கிய முதல் கார் அதுவே.

1951, ஜனவரி 30ல் போர்ஷே காலமானார். 1974ல் அவரது நிறுவனம், 'டர்போ' பொருத்திய 911 காரை அறிமுகம் செய்தது. இன்ஜினிலிருந்து வீணாக வெளியேறும் புகையின் வேகத்தாலேயே சுழன்று, காற்றை உள்ளே தள்ளும் கருவிதான் டர்போ.

குழந்தைகளே... போர்ஷேயின் உழைப்பையும் ஆர்வத்தையும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். அத்துடன், நம் திறமை யாருக்குப் பயன்படுகிறது, அதனால் யார் துன்பப்படுகின்றனர் என்று கேட்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். அவர் கேட்கத் தவறிய கேள்வி அது!